பதினான்காம் பக்கத்துப் பயனாளி

ஜனவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அத்தானுக்கு முழங்கால் வலி மட்டும் குறைந்தபாடில்லை. பஸ்ஸில் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் என் ஞாபகம் வருகிறதாம். நல்ல மாதிரி ஞாபகமா என்று நான் கேட்கவில்லை. உன் மனைவி எப்படி இருக்கிறாள்? பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ "பாத்துக்கலாம்க்கா" என்று சொல்லி முடித்துவிடுகிறாய். எழுதினால் படித்தாக வேண்டும், பதிலும் போட்டாக வேண்டும். நாள் முழுக்கத் தாளோடு கிடக்கிறவனுக்கு இது ஒரு சிரமமா?

விஷயத்துக்கு வருகிறேன். பஸ் டிப்போவுக்கு எதிரே உங்கள் இலாகாவின் தொழில் உதவி மையத்தைத் திறந்துவிட்டார்கள். கண்ணாடிக் கதவு, வரிசையாக நீல நாற்காலிகள். வாசல் பலகையின் கடைசி வரி 'தரச் சோதனைக் கூடம்'. அதைப் படித்ததும் நடுரோட்டில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த சைக்கிள்காரர் நம் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார்.

கண்ணாடி ஆலையில் பேக்கிங் பிரிவில் பதினோரு வருஷம் இருந்தவள் நான். அங்கே கொடுக்கிற கையுறை மூன்றாம் நாளே கிழியும். அதனால்தான் வேலையை விட்டு இந்தக் கொட்டகையைப் பிடித்தேன் என்பது உனக்குத் தெரியும். இப்போது ஏழு தையல் மெஷின், ஆறு பெண்கள். சந்தையில் கொத்தனார்களுக்கும் தோட்டக்காரர்களுக்கும் விற்று வண்டி ஓடுகிறது. போன வாரம் ஆலையின் கொள்முதல் அதிகாரி எங்கள் கையுறையைப் போட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கும்மா. மாசம் அறுநூறு ஜோடி எடுத்துக்கறேன். ஆனா டெஸ்ட் சர்டிபிகேட் இல்லாம கேட்டுக்குள்ளயே விட மாட்டாங்க" என்றார். தலைநகரத்துச் சோதனைக் கூடத்தில் எங்களைப் போன்ற சில்லறை ஆட்களுக்கு ஒன்றரை வருஷம் வரிசை. இந்த நேரத்தில் நம் ஊரிலேயே ஒரு கூடம்!

உன் இலாகா ஆயிற்றே, யாரைப் பார்க்க வேண்டும், என்ன கொண்டுபோக வேண்டும் என்று எழுது.

உன் கையெழுத்தை எதிர்பார்த்திருக்கும்
அக்கா


ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்திலேயே பிரித்துப் படித்தேன். எல்லோரும் நலம். பாப்பாவுக்கு இரண்டு பல். என் விரலில் அடையாளம் இருக்கிறது. அத்தானை டாக்டரிடம் காட்டச் சொல். அவர் கேட்க மாட்டார், இருந்தாலும் சொல்.

அக்கா, அந்த மையங்களுக்கான திட்டத்தை எழுதியதே எங்கள் பிரிவுதான். சோதனைக் கூடம் என்ற பகுதியை எழுதியவன் நான். உன் கொட்டகையை நினைத்துக்கொண்டுதான் எழுதினேன் என்றால் சிரிப்பாய், ஆனால் அது உண்மை. சோதனை மெஷின் நவம்பரிலேயே அங்கே போய்விட்டது. அனுப்பிய தாளில் என் கையெழுத்து இருக்கிறது.

நேராகப் போய் ஆலோசகரைப் பார். பெயரைப் பதிந்துகொள். ஆறு ஜோடி மாதிரி கொண்டுபோ. மார்ச் முடிவதற்குள் உன் கையில் சான்றிதழ் இருக்கும். என் தம்பி என்று என்னைப் பற்றி அங்கே சொல்லாதே, முறையாகவே கிடைக்கட்டும்.

உன் வளர்ச்சியில் பூரிக்கும்
தம்பி


பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டில் எல்லோரும் சவுக்கியம். அத்தான் டாக்டரிடம் போனார். ஓய்வெடுக்கச் சொன்னதால் அந்த டாக்டர் சரியில்லை என்று வந்துவிட்டார்.

மையத்துக்குப் போனேன். ஒரு தடவை இல்லை, நான்கு தடவை. ஆலோசகர் இஸ்திரி கலையாத சட்டை போட்ட இளைஞர், நல்ல மாதிரி. உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். "உங்க தொலைநோக்கு என்ன மேடம்?" என்று கேட்டார். "கையுறை தைக்கிறேன், விக்கிறேன்" என்றேன். "அது இப்போ. அஞ்சு வருஷம் கழிச்சு?" என்றார். "அப்பவும் அதான் தம்பி, ஆனா சர்டிபிகேட்டோட" என்றேன். அதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லையாம்.

பிறகு மூன்று நாள் பயிற்சி. வராவிட்டால் பதிவு செல்லாது என்றார்கள். மெஷினை நிறுத்திவிட்டுப் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் கண்ணை மூடிக் கனவு காணச் சொன்னார்கள். நான் தூங்கிவிட்டேன். இரண்டாம் நாள் பலூன் ஊதினோம், அது குழு உணர்வுக்காம். மூன்றாம் நாள் ஒரு நீலக் கோப்பைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். கோப்பு காலி.

சோதனைக் கூடத்தைக் காட்டச் சொன்னேன். பூட்டைத் திறந்தார். நீ அனுப்பிய மெஷின் மரப்பெட்டிக்குள் ஆணி கூடப் பிடுங்காமல் இருக்கிறது. பெட்டி மேல் தண்ணீர் கேன் அடுக்கியிருக்கிறார்கள். "இயக்கறதுக்கு டெக்னீஷியன் போஸ்ட்டே போடலியே மேடம்" என்றார். மெஷினை அனுப்பிய தாளில் உன் கையெழுத்து இருக்கிறது என்றாயே, ஆளை அனுப்பும் தாளில் யார் கையெழுத்துப் போட வேண்டும்?

உடனே எழுது.
அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். பாப்பாவுக்குச் சளி, எனக்கு வேலை.

டெக்னீஷியன் பணியிடத்துக்கான கோப்பு நிதிப் பிரிவில் இருக்கிறது. நான் இரண்டு முறை நினைவூட்டினேன். இந்த மாதிரி விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். நீ மையத்தோடு தொடர்பில் இரு, அது முக்கியம்.

இன்னொன்று. உன்னிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், பயிற்சி உனக்கு எப்படி உதவியது என்று நான்கு வரி எழுதி அனுப்ப முடியுமா? சும்மா பதிவுக்காகத்தான்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.
தம்பி


மார்ச் 21

தம்பிக்கு,

நலம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும். பாப்பாவுக்குச் சளி விட்டதா?

நீ கேட்ட நான்கு வரி: என்னிடம் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். பயிற்சிக்காக மெஷின் மூன்று நாள் நின்றது. ஆலோசகர் நல்ல பிள்ளை, டீ கொடுத்தார். சோதனை நடக்கவில்லை. போதுமா பதிவுக்கு?

இந்த மாதம் ஏற்றுமதிப் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். "பக்கத்துத் தெரு ஆலைக்கே போக முடியல, கடல் தாண்டச் சொல்றீங்களே" என்றேன். "வந்துட்டுப் போங்க மேடம், எங்களுக்கு ஒரு எண்ணிக்கை" என்று அவர் கெஞ்சினார். பாவமாக இருந்தது, போனேன். அப்போதுதான் விளங்கியது. நான் அந்தக் கதவைத் தள்ளி உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும் ஓர் 'உதவி' என்று எழுதுகிறார்கள். டெக்னீஷியன் வந்தாச்சா என்று கேட்கப் போனது ஓர் உதவி. இல்லை என்று சொன்னதும் ஓர் உதவி. கணக்குப்படி இதுவரை ஒன்பது உதவி பெற்றிருக்கிறேன்.

ஆலைக்குப் போய், கொள்முதல் அதிகாரி கண் முன்னாலேயே கையுறையைப் போட்டுக்கொண்டு உடைந்த கண்ணாடியை இறுக்கிப் பிடித்துக் காட்டினேன். ஒரு கீறல் இல்லை. அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "நான் நம்பறேன்மா. ஆனா நான் நம்பறது முக்கியமில்ல, பேப்பர் நம்பணும்" என்றார். மே கடைசி வரை காத்திருப்பாராம். அதற்குமேல் வேறு இடத்தில் ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம்.

கொட்டகையில் துணி வெட்டுகிற கத்திரியக்கா தினமும் வாசலைப் பார்த்துக் கேட்கிறாள்: "உங்க தம்பி ஆளு அனுப்பிட்டாராக்கா?" நான் என்ன சொல்ல?

அக்கா


மே 4

தம்பி,

நான் எழுதி ஆறு வாரம் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போனையும் எடுப்பதில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதை மட்டுமாவது எழுது.

ஆலை ஆர்டர் வரும் என்று சொல்லித்தான் இரண்டு பெண்களைப் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தேன். நேற்று இருவரும் நின்றுவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. இப்போது நான்கு பேர்.

அக்கா


மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம், கவலைப்படாதே. ஆண்டறிக்கை வேலையில் மூச்சு விட நேரமில்லை. கோப்பு நகர்ந்திருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

பாப்பா நிற்கப் பழகுகிறாள். அவளுடைய போட்டோ இதோடு இருக்கிறது.

தம்பி


ஜூன் 8

தம்பிக்கு,

பாப்பா போட்டோ வந்தது, நம் அம்மா ஜாடை. உன் இலாகா எடுத்த போட்டோவும் வந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வியாழக்கிழமை ஆலோசகர் தானே கொட்டகைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "மேடம், நீங்க புத்தகத்துல வந்துட்டீங்க!" ஆண்டறிக்கை. பதினான்காம் பக்கம் முழுக்க நான், கையில் அந்தக் காலிக் கோப்போடு. கீழே எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: 'மையத்தின் சோதனைக் கூடத்தில் தரச் சான்று பெற்ற இவர், இன்று பதினேழு பெண்களுக்கு வேலை அளித்து, பெரிய ஆலை ஒன்றுக்கு மாதம் அறுநூறு ஜோடி கையுறைகளை வழங்குகிறார். "தடுமாறி நின்ற என்னைக் கைப்பிடித்து நடத்திச் சென்றது இந்த மையம்" என்று நெகிழ்கிறார்.'

கத்திரியக்கா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "மிச்சம் பதிமூணு பேரு எங்க உக்காந்து தைக்கறாங்கக்கா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் கொள்முதல் அதிகாரி போன் பண்ணினார். "சர்டிபிகேட் வந்திருச்சாமே, எங்ககிட்ட சொல்லவே இல்ல? கொண்டாங்க" என்றார். இல்லை என்றேன். "அப்ப புத்தகத்துல போட்டிருக்கறது?" பொய் என்றேன். "எது பொய்யினு நான் எப்படிம்மா கண்டுபிடிக்கறது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். பதினோரு வருஷம் அந்த ஆலையில் நான் கொடுத்த ஒரு எண்ணிக்கையை யாரும் திரும்ப எண்ணிப் பார்த்தது கிடையாது, தம்பி.

அறுநூறு ஜோடி என்பதை நான் உன் ஒருவனுக்குத்தான் எழுதினேன். 'நெகிழ்கிறார்' என்ற சொல்லை நம் வீட்டில் எழுதுகிறவனும் நீ ஒருவன்தான்.

எனக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி உட்கார்ந்திருக்காதே. அது பொய் என்று உன் இலாகாவுக்கு எழுது.

அக்கா


ஜூலை 2

அக்கா,

மேலதிகாரி கட்டாயப்படுத்தினார் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். நடந்தது அது இல்லை. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "எல்லா மையத்துலயும் ஒரு வெற்றிக் கதை இருக்கு. உங்க ஊர் மையத்துல ஒண்ணுமே இல்லையா?" ஒன்றும் இல்லாத மையங்களை மூடப்போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. நான் "இருக்கு சார்" என்றேன். முதலில் 'பெறவிருக்கிறார்' என்று எழுதினேன். தட்டச்சுக்குப் போகும் முன் 'பெற்றார்' என்று நானே மாற்றினேன். அறிக்கை அச்சாகி வருவதற்குள் டெக்னீஷியன் வந்துவிடுவார், சான்றிதழும் வந்துவிடும், பொய் உண்மையாகிவிடும் என்று நம்பினேன். பதினேழு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. உனக்குச் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நிதிப் பிரிவிலிருந்து கோப்பு திரும்பி வந்துவிட்டது. ஓரத்தில் குறிப்பு: 'சோதனைக் கூடம் சிறப்பாக இயங்குவதாக ஆண்டறிக்கை, பக்கம் 14 தெரிவிப்பதால், கூடுதல் பணியிடம் தேவையில்லை.'

நான் எழுதிய வரியே கதவை மூடிவிட்டது. இப்போது அதைப் பொய் என்று சொன்னால் என் பதவி உயர்வு போகும், வேலையே கூடப் போகலாம். பாப்பா இருக்கிறாள். ஒரு வழி யோசிக்கிறேன். கொஞ்சம் அவகாசம் கொடு.

தம்பி


ஜூலை 9

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. அத்தானிடம் படித்துக் காட்டினேன். "சின்னப் பையன், விட்டுடு" என்றார். உனக்கு முப்பத்து நான்கு வயது.

மாதத்துக்கு ஒரு தடவை பொறு என்று எழுதினாய், பொறுத்தேன். இப்போது அவகாசம் கேட்கிறாய். என் பெண்களில் இரண்டு பேர் போய்விட்டார்கள், ஆலை போய்விட்டது, என் பேச்சுக்கு இருந்த மதிப்பும் போய்விட்டது. எதை வைத்து உனக்கு அவகாசம் கொடுப்பது?

உன் இலாகாவின் தலைமைக்குப் புகார் எழுதி முடித்துவிட்டேன். அதில் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பதினான்காம் பக்கத்தில் இருப்பது நடக்கவில்லை என்று மட்டும் இருக்கிறது. ஆனால் யார் எழுதியது என்று அவர்கள் தேடுவார்கள், கண்டுபிடிப்பார்கள். ஆகஸ்டு முதல் தேதி தபாலில் சேர்ப்பேன். அதற்கு முன்னால் நீயே சொன்னால் அது உன் வாயிலிருந்து வந்ததாக இருக்கும். உன்னை மிரட்டவில்லை. மிரட்டுவது போலத்தான் இருக்கிறது என்றும் தெரிகிறது.

பாப்பாவை முத்தமிட்டேன் என்று சொல்.
அக்கா


ஆகஸ்டு 3

அன்புள்ள அக்காவுக்கு,

ஜூலை 28ஆம் தேதி எழுத்தில் கொடுத்துவிட்டேன். அன்று காலை இரண்டு முறை அதிகாரி அறைவாசல் வரை போய்த் திரும்பினேன். மூன்றாம் முறை அவரே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார், கையில் திணித்தேன். நின்றபடியே படித்தார். "இத யாரும் கேக்கவே இல்லையேப்பா" என்றார். அதுதான் அவர் சொன்ன ஒரே வார்த்தை.

என்னை ஆவண அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். விசாரணை நடக்கும். வேலை போகாது என்கிறார்கள்; உயர்வு இனி இல்லை. என் மனைவியிடம் சொன்னபோது அழுதாள், பிறகு உன் புகார் தபாலில் போய்விட்டதா என்று கேட்டாள். போய்விட்டதா, அக்கா?

நிதிப் பிரிவுக் குறிப்பு ரத்தாகிவிட்டது. பணியிடம் உடனே வராது. ஆனால் தலைநகரக் கூடத்திலிருந்து பத்து நாளைக்கு மட்டும் ஒரு டெக்னீஷியனை அனுப்ப உத்தரவாகியிருக்கிறது.

தம்பி


அக்டோபர் 2

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலமே. அத்தான் வேறு டாக்டரிடம் காட்டினார்; அவரும் ஓய்வைத்தான் சொன்னார், எனவே அவரும் சரியில்லை. ஆவண அறையில் தூசி அதிகமாக இருக்கும், உனக்குத் தும்மல் ஆகாது, மூக்கில் துணியைக் கட்டிக்கொள்.

புகாரை நான் அனுப்பவில்லை. ஒன்றாம் தேதி தபால் நிலையம் வரை போனேன். உன் கடிதம் வராமல் ஒன்றும் தெரியாதே என்று நான்கு நாள் கையிலேயே வைத்திருந்தேன். நான் சொன்ன தேதியை நானே மீறினேன் என்று இதுவரை யாருக்கும் சொல்லவில்லை.

செப்டம்பர் பாதியில் டெக்னீஷியன் வந்தார். நம் வயதுப் பெண்மணி, கையில் சொந்த ஸ்பானரோடு வந்து இறங்கினார். பலூன் இல்லை, கனவு இல்லை. தண்ணீர் கேன்களை ஓரமாக நகர்த்தி, ஆணி பிடுங்கி, இரண்டு நாளில் மெஷினைப் பொருத்தி ஓடவைத்துவிட்டார். மூன்றாம் நாள் எங்கள் கையுறையை வைத்தார். நாங்கள் ஐந்து பேரும் சுவரோரமாக நின்றோம். பிளேடு உள்ளங்கைத் துணி மேல் போய்ப் போய் வந்தது, அறுபடவே இல்லை. கத்திரியக்கா என் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினாள். அப்புறம் கட்டைவிரல் உள்ளங்கையோடு சேரும் தையலைப் பிடியில் மாட்டி இழுத்தார். நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன், ஐந்து எண்ணுவதற்குள் வாயைப் பிளந்துவிட்டது. ஆறு ஜோடியிலும் அதே இடம்.

"தேறாதும்மா" என்றார்.

கத்திரியக்கா அழுதேவிட்டாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, மெஷின் மேல். நான் கண்ணாடியைப் பிடித்துக் காட்டியது நேராகப் பிடித்து, தம்பி. பேக்கிங்கில் யாரும் நேராகப் பிடிப்பதில்லை. கட்டைவிரலைக் கொடுத்துத் திருகித்தான் தூக்குவார்கள். பதினோரு வருஷம் அப்படித் தூக்கியவளுக்கு அது தோன்றவில்லை. நல்ல கையுறை என்று நானும்தான் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எங்க விடுதுன்னு காட்டுங்க" என்றேன். பேனாவால் கையுறை மேலேயே கோடு போட்டுக் காட்டினார். நூல் மாற்ற வேண்டும், தையல் இரட்டையாக ஓட வேண்டும், மூலையை வளைத்துத் திருப்ப வேண்டும். அரை மணி நேரம் நின்று சொல்லிக்கொடுத்தார். இதற்கு எந்தப் படிவத்திலும் நான் கையெழுத்துப் போடவில்லை.

அடுத்த நாள் ஆலைக்கு நடந்தே போனேன். கொள்முதல் அதிகாரி வேறு இடத்தில் ஒப்பந்தம் போட்டு மூன்று மாதம் ஆகிறது. "டெஸ்ட் ஆச்சு சார், பெயில்" என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தார். "பெயில்னு சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார். "ஆமா சார். புத்தகத்த பாத்துட்டு பாஸுன்னு நெனச்சிட்டு இருப்பீங்கல்ல" என்றேன். கிளம்பும்போது அவரே டீ வரவழைத்தார். ஒப்பந்தம் அடுத்த கோடையில் முடிகிறது, அப்போது தாளோடு வாருங்கள் என்றார்.

திரும்பும் வழியில் பேக்கிங் பிரிவு ஷிப்டு விட்டது. என்னோடு வேலை பார்த்தவர்கள் நாலைந்து பேர் இன்னும் இருக்கிறார்கள். கையைப் பிடித்துப் பேசிவிட்டுப் போனார்கள். அந்தப் பக்கத்தை நம்பி ஜூன் மாதமே யாராவது அறுநூறு ஜோடியை உள்ளே விட்டிருந்தால், இந்தக் கைகளில்தான் அதை மாட்டியிருப்பார்கள். சுவரோரம் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

டெக்னீஷியன் திரும்பிப் போய்விட்டார். புதுத் தையலில் மாதிரி தயார் ஆனது அவர் போன மூன்றாம் நாள். மறுபடி ஆள் வர மறுபடி உத்தரவு, மறுபடி கோப்பு. ஆலோசகர் ஜனவரி என்கிறார், முகத்தைப் பார்த்தால் அவரே நம்புவதாகத் தெரியவில்லை. மெஷின் மேல் மீண்டும் கேன் வைக்கப் போனவரை நான் போட்ட சத்தம் டிப்போ வரை கேட்டிருக்கும். இதுவும் ஓர் உதவியாக எழுதப்பட்டிருக்கலாம்.

பத்து மாதத்தில் உன் இலாகா எனக்குச் செய்த ஒரே உதவி, என் கையுறை தேறாது என்று சொன்னதுதான். அதைச் சொல்ல வைத்தவன் நீ. பொய்யை எழுதியவனும் நீ. இரண்டையும் சேர்த்து எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கோபம் தீரவில்லை, தீர்ந்ததாக எழுத மாட்டேன். லீவு கிடைத்தால் பாப்பாவை அழைத்துக்கொண்டு எல்லோரும் வாருங்கள். சோறு உண்டு. நான் உன்னோடு பேசுவேனா என்பதை வந்த பிறகுதான் பார்க்க வேண்டும்.

அக்கா